விளக்கைப் புகழ்ந்தோம், எண்ணெய் ஊற்றினோமா?

இரவு மணி இரண்டு. ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. நாம் உறங்கவில்லை. மருத்துவமனை ஒன்றின் மூன்றாவது மாடியில், ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்று எழுதப்பட்ட கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நீண்டதோர் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நம் நண்பரின் தாயார். மூச்சுத் திணறி, வாய் வழியே குழாய் செலுத்தப்பட்டு, வென்டிலேட்டரின் துணையால் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நண்பருக்கு ஆறுதல் கூறச் சென்ற நாம், கூறுவதற்குச் சொல் கிடைக்காமல், அவர் பக்கத்தில் ஊமையாய் அமர்ந்திருந்தோம்.

திடீரென உள்ளேயிருந்து மணியோசை. கருவி கத்துகிறது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. அந்தப் படுக்கைக்கு யாரும் வரக் காணோம். நண்பர் துடித்தார். நாம் எழுந்தோம், கதவைத் தட்டினோம், குரலை உயர்த்தினோம். “இங்கே உயிர் போகிறது; உங்களுக்கு உள்ளே அரட்டையா?” என்று கேட்டோம். ஆம், கேட்டவர் வேறு யாருமல்லர்! மேடைதோறும் உழைப்பவன் உரிமை பேசி, கைதட்டல் வாங்கி, மாலை சுமந்து வீடு திரும்பும் நாமேதான்!

கதவைத் திறந்துகொண்டு ஒரு செவிலியர் வந்தார். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். அரட்டையடித்தவர் முகமல்ல அது. “இதோ பார்க்கிறேன் சார்” என்றார், ஓடினார். குழாயில் அடைத்திருந்த சளியை உறிஞ்சி எடுத்தார். கருவி அடங்கிற்று. ஒரு கணமும் நில்லாமல் அடுத்த படுக்கைக்கு ஓடினார்.

விடியற்காலையில்தான் விவரம் தெரிந்தது. உள்ளே படுக்கைகள் பன்னிரண்டு. செவிலியர் மூவர். நாம் கதவைத் தட்டிய அதே நேரத்தில், கோடிப் படுக்கையில் கிடந்த முதியவர் ஒருவரின் இதயம் நின்றுபோய்விட்டது. இருவர் அவர் மார்பை மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தனர். மூன்றாமவர் வேறொருவருக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். மார்பை அழுத்தும் வேலையை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தவர்தான், நம்மிடம் வசவு வாங்கியவர். முதியவர் பிழைக்கவில்லை.

வெட்கித் தலை குனிந்தோம். பணி முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவரை நிறுத்தி, “மன்னித்துவிடுங்கள், சிஸ்டர்” என்றோம். அவர் தந்த மறுமொழிதான் இன்று நம்மை எழுத வைத்திருக்கிறது.

“திட்டினது பரவாயில்லண்ணா, பழகிப்போச்சு. முன்னெல்லாம் வார்டுல ஒருத்தர் செத்துட்டா வீட்டுக்குப் போயி அழுவேன். இப்ப அழுகையே வரமாட்டேங்குது. அதுதான் எனக்கே பயமா இருக்கு.”

அழுகை வரவில்லை என்பதற்காக அஞ்சுகிறாள் ஒரு பெண்! கண்ணீர் வற்றியதைக் கண்டு கலங்குகிறாள்! இந்தக் கலக்கத்திற்கு யார் பொறுப்பு? அவளா? அவளை அங்கே நிறுத்திய அமைப்பா? அதைத்தான் நாட்டின் முன் வைக்க விரும்புகிறோம்.

திரி கருகும் கதை

ஆண்டுதோறும் மே 12-ஆம் நாள் வருகிறது. 1820-இல் அந்த நாளில் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேலை நினைவுகூர்ந்து, உலகச் செவிலியர் நாள் என்று கொண்டாடுகிறோம். வெள்ளுடை அணிந்த இளம்பெண்கள் வரிசையாய் நிற்க, விளக்கேற்றும் விழா நடக்கிறது. தலைமை தாங்க வந்தவர் தழுதழுத்த குரலில், “கைவிளக்கேந்திய காரிகையின் வாரிசுகளே, நீங்கள் மண்ணில் நடமாடும் தேவதைகள்!” என்கிறார். கைதட்டுகிறோம். கலைகிறோம்.

விளக்கைப் புகழத் தெரிந்த நமக்கு, எண்ணெய் ஊற்ற மட்டும் தெரியவில்லை. எண்ணெய் வற்றிய விளக்கு என்ன செய்யும்? உடனே அணைந்துவிடுமா? இல்லை. சிறிது நேரம் திரியே எரியும். பார்ப்பவர்க்கு வெளிச்சம் போலத்தான் தோன்றும். ஆனால் எரிவது எண்ணெயன்று, திரி. கருகிய வாடை வந்த பிறகுதான் வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள்.

மனிதருக்கும் இது நேர்கிறது. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர், இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியவர்கள் நாளடைவில் உள்ளம் எரிந்து ஓய்ந்துபோவதைக் கண்டு, அதைப் பற்றி எழுதினார். ‘பர்ன் அவுட்’ என்ற பெயர் பரவியது. பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அறிஞர் அதனை அளக்க ஓர் அளவுகோல் செய்து, 1981-இல் வெளியிட்டார். மூன்று அடையாளங்களை அவர் வகுத்துக் காட்டினார். முதலாவது, உள்ளம் வற்றிப்போதல். இரண்டாவது, எதிரே கிடப்பவரை மனிதராகப் பாராமல், ‘ஏழாம் நம்பர் படுக்கை’ என்று பார்க்கத் தொடங்குதல். மூன்றாவது, ‘நான் செய்வதால் யாருக்கு என்ன பயன்?’ என்று தன் உழைப்பின் மீதே நம்பிக்கை இழத்தல்.

அந்த விடியற்காலையில் நாம் கேட்ட வார்த்தைகளை இந்த அளவுகோலின் அருகே வைத்துப் பாருங்கள். பொருந்துகிறதல்லவா?

2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் இதற்கு இடம் தந்தது. இடம் தந்தபோது தெளிவாக ஒன்று சொன்னது: இது நோயன்று, பணியிடத்தில் நெடுநாளாய்த் தீர்க்கப்படாமல் கிடக்கும் நெருக்கடியின் விளைவு. அருமையான சொல்! நோய் என்றால் நோயாளியைத் திருத்தலாம். பணியிடத்தின் விளைவு என்றால்? பணியிடத்தையல்லவா திருத்த வேண்டும்! ஆனால் என்ன நடக்கிறது? மூவர் வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, “மனத்தை அமைதியாக வைத்துக்கொள், மூச்சுப் பயிற்சி செய்” என்று அவளுக்கு வகுப்பு நடத்துகிற இடங்களும் உண்டு. மூச்சுவிட நேரமில்லாதவளுக்கு மூச்சுப் பயிற்சியாம்! எண்ணெய் ஊற்றாமல் திரிக்கு அறிவுரை கூறும் மேதைகளை என்னென்பது!

நான்கு அறைகள்

செவிலியர் என்றவுடன் ஊசி போடுபவர், மாத்திரை கொடுப்பவர் என்றுதான் பலர் எண்ணுகின்றனர். வாருங்கள் தோழர்களே, மருத்துவமனையின் தனிப் பிரிவுகள் நான்கின் கதவைத் திறந்து பார்த்து வருவோம்.

முதல் அறை, நாம் இரவெல்லாம் காத்திருந்த தீவிர சிகிச்சைப் பிரிவு. நினைவில்லாமல் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் விழும். மணிக்கு மணி நாடி, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து பம்பின் வழியே சொட்டுகிறது. அது தீருமுன் அடுத்ததைப் பொருத்த வேண்டும். சிறிது தாமதித்தால் அழுத்தம் சரியும். பன்னிரண்டு கருவிகளும் நாள் முழுதும் கத்துகின்றன. எது உயிர் போகும் கூக்குரல், எது கம்பி நழுவியதால் வந்த சத்தம் என்று காதாலேயே பிரித்தறிய வேண்டும்.

இரண்டாம் அறை, பச்சிளங்குழந்தைகள் பிரிவு. ஒரு கிலோ எடைகூட இல்லாமல் பிறந்துவிட்ட சிசு. நூலினும் மெல்லிய நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். பெரியவர்க்கு மருந்து அளவில் சிறு பிழை நேர்ந்தால் உடல் தாங்கிக்கொள்ளலாம். இந்தத் தளிருக்குப் புள்ளி ஒன்று இடம் மாறினால் போதும்!

மூன்றாம் அறை, டயாலிசிஸ் பிரிவு. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரம் இரண்டு முறை, மூன்று முறை வந்து, நான்கு மணி நேரம் படுத்திருப்பார். மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் வருவார். மகள் திருமணச் செய்தியைச் செவிலியரிடம் சொல்வார். பேரன் படம் காட்டுவார். ஒரு திங்கட்கிழமை அவர் வரமாட்டார். ஏன் என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை, செவிலியர்க்குத் தெரியும். கண்ணைத் துடைக்கக்கூட நேரமிராது. அந்தக் கட்டிலுக்கு அடுத்தவர் வந்து காத்திருப்பார்.

நான்காம் அறை, தீக்காயப் பிரிவு. அடுப்பிலே கருகியவள், வரதட்சணைக் கொடுமையால் எரிந்தவள், பட்டாசு ஆலை வெடியில் வெந்தவர் எல்லாரும் வந்து சேரும் இடம். கட்டுப் பிரித்துப் புண் கழுவி மீண்டும் கட்டுப் போடும்போது எழும் அலறல் இருக்கிறதே, அதைக் கேட்டபடியே கை நடுங்காமல் வேலை செய்ய வேண்டும். குணமாக்குவதற்காகவே வலி தர வேண்டிய தொழில்! ‘என்னை விட்டுவிடம்மா’ என்று காலைப் பிடித்துக் கதறுபவளை விட்டுவிடவும் முடியாது; வீட்டுக்குப் போன பின் அந்தக் குரலை மறக்கவும் முடியாது.

இந்த நான்கு அறைகளிலும் நிற்பவர் பள்ளியில் படித்த பாடம் மட்டும் தெரிந்தவரல்லர். ஆண்டுக்கணக்கில் நின்று, கண்ணையும் காதையும் கையையும் பழக்கி, ஒரு கலையைக் கற்றவர். மருத்துவர் நாளுக்கு இரண்டு முறை, மூன்று முறை வந்து பார்க்கிறார். எஞ்சிய நேரமெல்லாம் உயிரைக் காவல் காப்பவர் இவர். நோயாளியின் முகம் மாறுவதை முதலில் காண்பவர் இவர்.

வள்ளுவர் இதை அறிந்திருந்தார். மருந்து என்ற அதிகாரத்தில், மருத்துவம் என்பது நான்கு கால்களில் நிற்பது என்றார்: நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று, அருகிலிருந்து உரிய காலத்தில் மருந்தூட்டிக் காப்பவர் ஒன்று. நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். நாம் மூன்று காலுக்குப் பொன் பூசிவிட்டு, நான்காம் காலைக் கரையான் அரிக்க விட்டிருக்கிறோம். முக்காலியாக்கிவிட்டால் கட்டில் நிற்குமா?

தீட்டும் தேவதையும்

இந்தத் தொழிலின் வரலாறு சற்றே கசப்பானது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. இந்திய நாட்டிலேயே முன்னோடி என்று சொல்லத்தக்க முயற்சி. ஆனால் யார் வந்தார்கள் படிக்க? ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் வந்தனர். கிறித்துவ மிஷன்கள் அரவணைத்த ஏழைப் பெண்களும் கைம்பெண்களும் வந்தனர். ‘உயர்ந்த’ குலத்தார் வரவில்லை. ஏன்? பிறர் மலத்தையும் சீழையும் தொடுவது தீட்டு! அந்நிய ஆடவன் உடம்பைத் தொடுவது இழுக்கு! நள்ளிரவில் வேலைக்குப் போவது குடும்பப் பெண்ணுக்கு அழகல்ல! விடுதலைக்கு முன் ஆராய்ந்த போர் குழு, 1946-இல் தந்த அறிக்கையில், ஏறத்தாழ ஏழாயிரம் செவிலியரே உண்டு என்று கணக்குக் காட்டியதன் பின்னணியில், இந்தத் தீட்டுக்கும் பங்கு உண்டு.

பிறகு காலம் மாறிற்று. தீட்டு என்று சொன்ன வாய், தேவதை என்று சொல்லத் தொடங்கிற்று. ஆகா, முன்னேற்றம் என்று மகிழலாமா? சற்றுப் பொறுங்கள். தீட்டு என்று விலக்கியபோது கூலி குறைவு. தேவதை என்று புகழ்ந்தபோதும் கூலி குறைவு! தேவதைக்குப் பசி உண்டா? கிடையாது. தேவதைக்குத் தூக்கம் உண்டா? கிடையாது. தேவதைக்கு வாடகை வீடு உண்டா, குழந்தையின் பள்ளிக் கட்டணம் உண்டா, மாதவிலக்கு நாளில் இடுப்பு வலி உண்டா? ஒன்றும் கிடையாது! எனவே கேட்க வாய் எதற்கு? கொடுக்கக் கை எதற்கு? பீடத்தில் ஏற்றி வைப்பதும் ஒருவகைச் சிறைதான். பெண்ணைத் தெய்வம் என்று கும்பிட்டே அடுக்களையில் பூட்டி வைத்த நாட்டில், இந்தத் தந்திரம் புரியாதவர் உண்டோ?

கொரோனாக் காலம் நினைவிருக்கிறதா? 2020 மார்ச் 22-ஆம் நாள் மாலை, மணியடித்தோம், தட்டைத் தட்டினோம். மே 3-ஆம் நாள் வானூர்தியிலிருந்து மருத்துவமனைகளின் மீது மலர் தூவினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் அந்த ஆண்டையே செவிலியர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. மலர் உதிர்ந்தது, ஒலி ஓய்ந்தது. அந்நாளில் தமிழகத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டு, உயிரைப் பணயம் வைத்துப் பணியாற்றியவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு, 2022 டிசம்பர் 31-உடன் பணி முடிந்தது என்று ஓலை வந்தது. புத்தாண்டுப் பரிசு! அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வேறு திட்டங்களில் வேலை தருவதாக உறுதி கூறப்பட்டது. அதற்கு முன், 2015-இல் தேர்வெழுதி வென்று ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் பெற்ற தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அவர்கள் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை மருத்துவத் துறை வளாகத்தில் திரண்டு குரல் கொடுத்த பிறகே ஊதியம் உயர்ந்தது. எந்த ஆட்சி, எந்தக் கொடி என்று பார்த்து இதைச் சொல்லவில்லை. வேண்டியவர் செய்தாலும் தவறு தவறுதான்.

எண்ணிக்கை பேசுகிறது

‘உணர்ச்சியாகப் பேசுகிறீர்கள், ஆதாரம் உண்டா?’ என்று கேட்பவர் உண்டு. உண்டு ஐயா, உண்டு!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர், அறுவை சிகிச்சை பெற்ற 2,32,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். இத்தனையும் ஆராய்ந்து லிண்டா எய்க்கன் என்னும் செவிலியர்-அறிஞரும் தோழர்களும் 2002-இல் முடிவு வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரச் சேர, அவர் உள்ளம் எரிந்து ஓயும் வாய்ப்பு 23 விழுக்காடு மிகுதி. வேலையில் மனநிறைவு இழக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு மிகுதி. அத்தோடு நின்றதா? நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு மிகுதி! கேட்டீர்களா? செவிலியரின் திரி கருகும்போது, பக்கத்துக் கட்டிலில் ஒரு வீட்டின் விளக்கும் சேர்ந்து அணைகிறது. இது செவிலியர் சம்பளத் தகராறு மட்டுமன்று. உங்கள் தாயின் உயிர், நம் நண்பரின் தாயின் உயிர்!

தீவிர சிகிச்சைப் பிரிவு எப்படிப் பிறந்தது என்று அறிந்தால் இது இன்னும் விளங்கும். 1952-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் சூறையாடிற்று. மூச்சுத் தசை செயலிழந்து மக்கள் மடிந்தனர். போதிய கருவிகள் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் வழி சொன்னார்: தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுங்கள்! ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து வந்தனர். செவிலியர் துணை நின்றனர். ஒரு நோயாளி, அவர் பக்கத்தில் ஓயாமல் ஒரு சோடிக் கை. இரவும் பகலும், நாளும் வாரமும் அழுத்தினார்கள். நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இருந்த சாவு, சில மாதங்களில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஆக, அந்தப் பிரிவை ஈன்றெடுத்தது கருவியன்று, கை! இன்றோ கோடி கோடியாய்க் கொட்டிக் கருவி வாங்குகிறோம், நாடா வெட்டித் திறக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். கைகளை மட்டும் எண்ண மறந்துவிடுகிறோம்.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு என்ன? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர், ஒவ்வொரு ஷிப்டிலும். கணக்குப் போடுவோம். பன்னிரண்டு படுக்கை, ஷிப்டுக்குப் பன்னிரண்டு பேர், மூன்று ஷிப்டுக்கு 36 பேர். அவர்களும் மனிதர்தாமே? வார ஓய்வு, காய்ச்சல், பேறுகால விடுப்பு எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு முப்பது வீதம் சேர்த்தால் 47 பேர் வேண்டும். அன்றிரவு பன்னிரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் நாம் கண்டது மூவரை. ஒன்பது பேர் எங்கே? அந்த ஒன்பது பேர் இல்லாத வெற்றிடத்தைத்தான் மூன்று பெண்கள் தம் தூக்கத்தாலும் கண்ணீராலும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கத்த வேண்டிய நாம், அந்த மூவரைப் பார்த்துக் கத்தினோம்!

‘பணம் எங்கே?’ என்பார்கள்

‘சொல்வது எளிது, இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தால் மருத்துவமனையை மூட வேண்டியதுதான்’ என்பது முதல் வாதம். கலிபோர்னியாவிலும் இதே வாதம் எழுந்தது. ஆயினும் 1999-இல் சட்டம் செய்தார்கள்; 2004-இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியர்க்கு இரண்டு நோயாளிக்கு மேல் கூடாது என்பது அங்கே சட்டம். 2010-இல் எய்க்கன் குழுவினர் வேறு இரு மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கலிபோர்னியச் செவிலியர்க்கு நோயாளி எண்ணிக்கை குறைவு, உள்ளச் சோர்வும் குறைவு என்று கண்டனர். மேலும், பழகிய செவிலியர் ஒருவர் விலகினால், அவரிடத்தில் புதியவரைத் தேடி, சேர்த்து, பழக்குவதற்குச் செலவில்லையா? ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுபவன், குடத்தை அடைக்கக் காசில்லை என்கிறான்!

‘வெளிநாட்டு ஆசை பிடித்து ஓடுகிறார்கள்’ என்பது இரண்டாவது வாதம். ஓடாமல்? தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியம் பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, அதன்படி அமைந்த குழு பரிந்துரை தந்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை, அரசுச் செவிலியர்க்கு இணையான ஊதியம் தர வேண்டும். ஐம்பதுக்கும் குறைவான படுக்கை உள்ள சின்னஞ்சிறு மருத்துவமனையும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும். கேரளத்துச் செவிலியர் போராடி, 2018 ஏப்ரலில் இருபதாயிரத்தை அரசாணையாகவே பெற்றனர். பரிந்துரையைப் பரணில் போட்டுவிட்டு, விமானம் ஏறுபவளைப் பார்த்து நாட்டுப்பற்று இல்லை என்று ஏசுவது என்ன நியாயம்? சான்றிதழைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலை வாங்கிய கொடுமையை எதிர்த்து, 2012-இல் சென்னையிலேயே தனியார் மருத்துவமனைச் செவிலியர் வேலை நிறுத்தம் செய்ததை ஊர் மறந்திருக்கலாம், அவர்கள் மறப்பார்களா?

‘தொண்டுக்கு வந்தவர்கள் கூலி பேசலாமா?’ என்பது மூன்றாவது வாதம். இதற்கு நைட்டிங்கேலே விடை. 1854-இல் 38 பெண்களோடு போர்க்கள மருத்துவமனைக்குப் போனவர், விளக்கை மட்டுமா ஏந்தினார்? சாவுக் கணக்கை ஏந்தினார்! எத்தனை பேர் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் அழுக்காலும் தொற்றுநோயாலும் செத்தார்கள் என்று எண்ணி, படம் வரைந்து, ஆட்சியாளர் முகத்தின் முன் நீட்டினார். அவரைத் தேவதை என்று கும்பிட்டு, அவர் கையிலிருந்த கணக்கேட்டை மறைத்துவிட்டார்கள்!

மனநிறைவு எங்கே இருக்கிறது?

பணமும் ஆள்பலமும் தந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பாதி சரியாகும். மறுபாதி, மதிப்பில் இருக்கிறது.

1983-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. செவிலியர் பற்றாக்குறையால் நாடே தவித்தபோது, சில மருத்துவமனைகளில் மட்டும் செவிலியர் விலகாமல் நிலைத்திருந்தனர். காந்தம் இரும்பை இழுப்பதுபோல் இழுத்து வைத்திருந்த அத்தகைய 41 மருத்துவமனைகளைத் தேர்ந்து, காரணம் தேடினார்கள். அங்கே செவிலியர் சொல் அம்பலம் ஏறிற்று. கற்றதைக் கொண்டு முடிவெடுக்க உரிமை இருந்தது. மருத்துவர் அவரை ஏவலாளாகப் பாராமல் தோழராகப் பார்த்தார்.

நம்மிடம்? பத்தாண்டு பச்சிளங்குழந்தைப் பிரிவில் பழகி, நூலிழை நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டே காணத்தக்க கை பெற்றவரை, ஒரே நாள் உத்தரவில் எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிடும் இடங்கள் உண்டு. ‘நர்ஸ் என்றால் நர்ஸ்தானே!’ கண் மருத்துவரை இதய அறுவைக்கு அனுப்புவார்களா? தீவிர சிகிச்சைக்கென்றே முதுநிலைப் படிப்பை நர்சிங் கவுன்சில் சில ஆண்டுகளுக்கு முன் வகுத்தது, நல்லது. ஆனால் படித்து வந்தவர்க்கு அந்தப் படிப்புக்கேற்ற பதவியும் அதிகாரமும் ஊதியமும் இல்லையென்றால், பட்டம் சுவரில் தொங்கும் படம்!

மதிப்பும் உறவும் கிடைத்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு மும்பை சாட்சி. 1973-இல் பணியிடத்திலேயே கொடுமைக்கு ஆளாகி நினைவிழந்த செவிலியர் ஒருவரை, அவர் பணியாற்றிய மருத்துவமனையின் செவிலியரே 2015-இல் அவர் மறையும் வரை, 42 ஆண்டுகள் காத்தனர். பழைய தோழியர் ஓய்வு பெற்றனர், புதியவர் வந்தனர், முகம் பாராத மூத்தவளைத் தம் சொந்த அக்காளாய் ஏற்றுக்கொண்டனர். ஆண்டுக்கணக்கில் படுத்தே கிடந்தவர்க்குப் படுக்கைப்புண் வராமல் காத்ததை உச்ச நீதிமன்றமே வியந்து பாராட்டிற்று. அன்பு வற்றிப்போனவர்கள் அல்லர் இவர்கள். அன்பு ஊறும் கிணற்றைத்தான் நாம் நாளெல்லாம் இறைத்து, ஊற விடாமல் அடிக்கிறோம்.

கேட்பது பெரிதா?

ஆகவே நாம் கேட்கிறோம். தனிப் பிரிவு ஒவ்வொன்றிலும் படுக்கைக்கு எத்தனை செவிலியர் என்பதைப் பரிந்துரையாக விடாமல் சட்டமாக்குங்கள். அன்றைய ஷிப்டில் எத்தனை பேர் என்பதை வார்டு வாசலில் பலகையில் எழுதி வையுங்கள், மக்கள் பார்க்கட்டும். நிலையான வேலைக்கு நிலையான ஆளையே அமர்த்துங்கள். தனிப் பிரிவில் பெற்ற திறமைக்குத் தனிப் பதவியும் தனி ஊதியமும் தாருங்கள். விரும்பாதவரைப் பிடுங்கி நடாதீர்கள். ஒரு சாவு நிகழ்ந்த இரவில், அந்தச் செவிலியர் பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க ஓர் அறையும் ஒரு மாற்றாளும் கொடுங்கள். பத்து நிமிடம்! இது பேராசையா?

மக்களிடமும் ஒன்று கேட்கிறோம். நம்மையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறோம். ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறோமே, அதன் பொருள் உடன்பிறந்தாள். அடுத்த முறை கதவைத் தட்டிக் குரலை உயர்த்துமுன், உள்ளே எத்தனை உடன்பிறந்தாள் எத்தனை பேரைக் காக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகும் கோபம் வந்தால், நல்லது. அந்தக் கோபத்தை மேலிடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நண்பரின் தாயார் பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பி, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, மருமகளிடம் சண்டையும் போடத் தொடங்கிவிட்டார். நான்கு மாதம் கழித்து, அந்தச் செவிலியரைப் பார்த்து நன்றி சொல்ல, பழம் வாங்கிக்கொண்டு நாமும் நண்பரும் போனோம். அவர் இல்லை. வேலையை விட்டுவிட்டாராம். வெளிநாடு போனாரா, வீட்டோடு இருக்கிறாரா, யாருக்கும் தெரியவில்லை.

அதே கண்ணாடிக் கதவு. உள்ளே அதே பன்னிரண்டு படுக்கை. ஏழாம் படுக்கையருகே புதிதாய் ஒரு பெண். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றார்கள். யாரோ ஒருவரின் தாய்க்குக் குழாயில் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கை சற்றே நடுங்கிற்று. பக்கத்தில் நின்று, ‘இப்படிச் செய்யம்மா’ என்று சொல்லித் தர வேண்டிய மூத்தவள் அங்கே இல்லை.

அந்தப் பெண்ணின் கண்ணில் ஈரம் இருந்தது. அவளுக்கு இன்னும் அழ வருகிறது. அந்த ஈரம் காயுமுன் நாடு விழிக்குமா?